மார்கழியில் ட்ரெய்லர்கள் சுற்றிப் போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வேலூர் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். ராணிப்பேட்டையில் சரக்கு ஏற்றி வடக்கே போகும் ட்ரெய்லர்கள் சித்தூர், கடப்பை வழியாக நேரே போகாமல் சென்னைப் பக்கமாகவோ பெங்களூரு பக்கமாகவோ சுற்றுகின்றன. அதனால் டீசல் வீணாகிறது. விடியற்காலையில் காவேரிப்பாக்கம் அருகே சாலையோரத்தில் வரிசையாக நின்று மற்றவர் உயிருக்கு உலை வைக்கின்றன. இவற்றையெல்லாம் சித்தூர் சாலையில்தான் போக வேண்டும் என்று ஆட்சியர் உத்தரவு போட்டால் என்ன என்று கேட்டிருந்தார். சாலையோரத்தில் நிற்பது பற்றிய அவரது கோபம் முழுக்க நியாயமானது. அவர் சொல்லும் மருந்துதான் ஆளைக் கொல்லும். ட்ரெய்லர் ஓட்டியே தலை நரைத்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன். நீளமாகத் தோன்றினால் வெட்டிக்கொள்ளுங்கள். மலைப்பாதை பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் வாலாஜாபேட்டைக்காரன். முழங்கால் கிளட்சுக்கு ஒத்துழைக்க மறுத்த பிறகு வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். இப்போது என் தம்பி மகன் ஓட்டுகிறான். ராணிப்பேட்டை பெல் ஆலையில் செய்யப்படும் கொதிகலன் துணைக்கருவிகள், அதாவது அனல் மின் நிலையத்துப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் கருவியின் பாகங்கள், பெரிய மின்விசிறிகள் போன்றவை, நாட்டின் பல மூலைகளுக்கும் ட்ரெய்லரில்தான் போகின்றன. சிப்காட் ஆலைகளின் இயந்திரங்களும் அப்படியே. நான் அதிகம் போனது மத்தியப் பிரதேசத்துச் சிங்க்ரௌலிப் பக்கம். நாட்டிலேயே பெரிய அனல் மின் நிலையமான விந்தியாசல் அங்கேதான் இருக்கிறது, 4,760 மெகாவாட். ராணிப்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரத்துக்குப் பாரம் இழுத்துப் போகிறவன் ஐப்பசி முதல் மாசி வரை முதலில் யோசிப்பது, ஐதராபாத் போய்ச் சேர எந்தச் சாலை என்பதைத்தான். அதற்கு வடக்கே தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. தெற்கேதான் மூன்று வழிகள் இருக்கின்றன.

கார் ஓட்டுகிறவர்களுக்கும் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒரு விஷயம் தெரிவதில்லை. ட்ரெய்லரில் இழுப்பது ஒரு வண்டி, பாரம் சுமப்பது இன்னொரு வண்டி. இரண்டையும் இணைப்பது கிங் பின் என்னும் ஒற்றை இரும்பு முளை. சரக்கோடு சேர்த்து 55 டன் வரை சட்டம் அனுமதிக்கிறது; 2018க்கு முன் 49 டன்னாக இருந்தது. சமதளத்தில் ஓடும்போது முன்வண்டி பாரத்தை இழுக்கிறது. இறக்கத்தில் பாரம் முன்வண்டியைத் தள்ளுகிறது. அப்போது சாலை ஈரமாக இருந்து, ஓட்டுநர் பயந்து பிரேக்கை அழுத்தினால், முன்வண்டி நின்றுவிடும், பின்னால் வருவது நிற்காது. பேனாக்கத்தி மடங்குவது போல வண்டி நடுவில் மடங்கிக்கொள்ளும். மடங்க ஆரம்பித்துவிட்டால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். பாரம் உயரமாக இருந்தால் வளைவில் அதன் தலைப்பகுதி வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். ஆகவே எங்களுக்கு ஒரு சாலையின் நீளம் மூன்றாவது கேள்விதான். இறக்கம் எங்கே, அதில் பாரத்தோடு இறங்குகிறோமா வெறும் வண்டியாக ஏறுகிறோமா என்பது முதல் கேள்வி. விடிகாலையில் எங்கே இருப்போம் என்பது இரண்டாவது.

இனி அன்பர் சொல்லும் சித்தூர் வழிக்கு வருகிறேன். ராணிப்பேட்டையிலிருந்து சேர்க்காடு, குடிபாலா, சித்தூர், பீலேரு, ராயச்சோட்டி, கடப்பை, நந்தியால், கர்னூல். தேசிய நெடுஞ்சாலை எண் 40. கர்னூலில் 44ஆம் எண் சாலையைப் பிடித்தால் ஐதராபாத் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வரைபடத்தில் கோடு போட்ட மாதிரி நேர்வழி. கைப்பேசியும் இதைத்தான் காட்டும். கடப்பை முதல் கர்னூல் வரை நான்கு வழிச்சாலை. அதில் எந்தக் குறையும் சொல்லமாட்டேன்.

ஆனால் ராயச்சோட்டிக்கும் கடப்பைக்கும் நடுவே குவ்வலசெருவு மலைப்பாதை இருக்கிறது. ராயச்சோட்டி மேட்டில் இருக்கிறது, கடப்பை பள்ளத்தில் இருக்கிறது. ஆக, வடக்கே பாரம் கொண்டு போகிறவன் அந்த வளைவுகளில் இறங்கித்தான் ஆக வேண்டும். திரும்பி வரும்போது வெறும் வண்டியோடு ஏறலாம், ஆபத்து குறைவு. நான் திரும்பி வருவதற்கு அந்தச் சாலையைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். பாரத்தோடு இறங்குவதற்கு மனம் ஒப்பியதில்லை. கன்டெய்னர்களும் லாரிகளும் அங்கே கட்டுப்பாடு இழந்து எதிரில் வருவோர் மேல் மோதிய செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே ஆண்டுதோறும் படிக்கலாம். கோடையில் நல்ல வெளிச்சத்தில் இரண்டாம் கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) நம்பி, கால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கிவிடலாம். அதையே மார்கழி அதிகாலையில், தார் மேல் பனி படிந்து வழுக்கும்போது, முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு வளைவுக்கு வளைவு தெரிந்தும் மறைந்தும் வரும்போது செய்யச் சொல்கிறார் அன்பர். விட்டு விட்டுப் பிரேக் பிடித்தால் பிரேக் டிரம் ஆறும். தொடர்ந்து பிடித்தபடி இறங்கினால் டிரம் சூடேறி, அடிவாரம் வருவதற்குள் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. மலைப்பாதையில் பிரேக் லைனிங் தீய்ந்த வாடை வந்தால் அது நம் வண்டியா முன்னால் போகும் வண்டியா என்று வயிற்றைக் கலக்கும். அந்த வாடையை அனுபவித்தவர் யாரும் ஆட்சியரிடம் இப்படி உத்தரவு கேட்கமாட்டார்.

மலையை விட்டுத்தள்ளுங்கள். சித்தூர் சாலையின் நம் பக்கத்துத் துண்டையே எடுத்துக்கொள்வோம். திருவலம் அருகே அம்முண்டியில் வேலூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் இரவெல்லாம் அந்தப் பக்கத்துச் சாலைகளில் ஊர்கின்றன. பின்விளக்கு கிடையாது, சிவப்பு ஒளிப்பட்டை கிடையாது, பாரம் மட்டும் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். எதிரே ஆந்திராவிலிருந்து சி.எம்.சி.க்கு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் வந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் திருப்பதிக்கு நடந்து போகும் கூட்டம். இதற்கு நடுவில் எல்லா ட்ரெய்லர்களையும் கொண்டுபோய்விட்டால் யாருக்கு நல்லது என்று அன்பர்தான் விளக்க வேண்டும்.

மலைப்பாதை என்ற அதே காரணத்தால் பலமநேர் வழியையும் பேரணாம்பட்டு வழியையும் நான் பேச்சுக்கே எடுக்கவில்லை. சித்தூரிலிருந்து பலமநேர் போக மொகிலி மலைப்பாதை இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாக வெங்கடகிரிகோட்டா போகும் 75ஆம் எண் சாலை வரைபடத்தில் தேசிய நெடுஞ்சாலைதான். பத்தலப்பல்லி வளைவுகளில் ஒரு நீள ட்ரெய்லரைத் திருப்பிப் பார்த்தால் அதன் தேசிய அந்தஸ்து புரியும். போதாததற்கு கௌண்டின்யா காட்டு யானைகள்.

அடுத்தது பெங்களூரு வழி. வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர். பிறகு பெங்களூரைத் தொட்டோ ஒதுங்கியோ தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர், அனந்தபூர், கர்னூல். சித்தூர் வழியைவிட ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் அதிகம். சாலை அகலம், ஏற்ற இறக்கம் சீரானது, பழுதானால் மெக்கானிக் கிடைப்பார். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வானொலி சொன்னால் நான் இந்த வழியைத்தான் எடுப்பேன். 2021 நவம்பரில் பெண்ணாற்று வெள்ளம் நெல்லூர் பக்கத்தில் படுகுபாடு அருகே கடற்கரை நெடுஞ்சாலையையே அறுத்துப் போட்டது. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையேறியது. அப்படிப்பட்ட நாட்களில் இருநூறு கிலோமீட்டர் டீசலை யாரும் வீண் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் இந்த வழியின் குணம் மாறிவிடும். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால், ஈரத் தரை இரவில் சூட்டை இழக்கிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து பனிமூட்டமாகிறது. விடியும் நேரத்தில்தான் அது மிக அடர்த்தி. ஜவ்வாது மலைக்கும் ஆந்திர எல்லை மலைகளுக்கும் நடுவே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பூர், வாணியம்பாடி கிடக்கின்றன. வாணியம்பாடிப் பாலத்தில் ஏறினால் வெளிச்சம், இறங்கினால் வெள்ளைத்துணி. கிருஷ்ணகிரி தாண்டி மேட்டுநிலம். சூளகிரிக்கு மேல் பேரண்டப்பள்ளி, சானமாவு பகுதியில் இந்த மாதங்களில்தான் யானைக் கூட்டங்கள் இடம்பெயர்ந்து நெடுஞ்சாலையைக் கடக்கின்றன. அதற்கப்பால் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் பெங்களூரு. தேவனஹள்ளியில் மார்கழிப் பனியால் விமானமே தாமதமாகும்போது லாரி எம்மாத்திரம்? 2023 அக்டோபர் 26 அன்று, பனிக்காலம் சரியாகத் தொடங்கும் முன்பே, சிக்கபள்ளாப்பூரில் பனிமூட்டத்தில் நின்றிருந்த டேங்கர் மீது கார் மோதி 13 பேர் இறந்தார்கள். நின்றிருந்த டேங்கர் என்பதைக் கவனியுங்கள். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

புதிய பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை முழுதாகத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் வெங்கடகிரிகோட்டா, பலமநேர் மேட்டில் ஏறித்தான் குடிபாலாவுக்கு இறங்குகிறது. வளைவு குறையும், பனி சுங்கம் கட்டாமலே உள்ளே வரும்.

மூன்றாவது, கடற்கரை வழி. மார்கழி, தை மாதங்களில் பாரத்தோடு வடக்கே போகிறவனுக்கு இதுதான் வழி என்பது என் முடிவு. வாலாஜாபேட்டையிலிருந்து காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், சென்னை வெளிவட்டச் சாலையில் செங்குன்றம் பக்கம் ஏறி, கும்மிடிப்பூண்டி, நெல்லூர், ஒங்கோல். ஒங்கோல் தாண்டி மேதரமெட்லாவில் இடப்பக்கம் திரும்பினால் அத்தங்கி, மிரியாலகூடா, நல்கொண்டா வழியாக நார்க்கட்பள்ளியில் விஜயவாடா–ஐதராபாத் சாலையைப் பிடிக்கலாம். சித்தூர் வழியைவிட ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான் அதிகம். பாரத்தோடு இறங்க வேண்டிய மலைப்பாதை ஒன்றுகூட இல்லை. நெல்லூர்ச் சாலை அகலமானது, ஒதுங்க இடம் இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகள் பெரியவை, அவற்றின் முன்னால் ட்ரெய்லர் திரும்புகிற அளவுக்குத் திடல் உண்டு. பனியே இல்லை என்று சொல்லமாட்டேன். தை மாதத்தில் கிருஷ்ணா ஆற்றை ஒட்டி நன்றாகவே இறங்கும். ஆனால் சமதளத்தில் பனி என்றால் வேகத்தைக் குறைத்து ஒதுங்கி நிற்கலாம். இறக்கத்தில் பனி என்றால் ஒதுங்கவும் இடம் இருக்காது.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. பொங்கலுக்கு முந்தைய நாட்களில் ஐதராபாத்திலிருந்து ஆந்திராவுக்கு ஊரே கிளம்பும். சௌட்டுப்பல் அருகே பந்தங்கி சுங்கச்சாவடியில் கார்கள் மைல் கணக்கில் நிற்கும். நாம் எதிர்த்திசையில்தான் போகிறோம் என்றாலும் அவர்களுக்காக நம் பக்கத்துப் பாதைகளையும் எடுத்துக்கொள்வார்கள். பண்டிகை முடிந்து கூட்டம் திரும்பும் நாட்களில் நம் திசையே அடைபடும். தை பிறந்த அந்த வாரத்தில் வண்டியை எடுக்காமல் வீட்டில் பொங்கல் சாப்பிடுவது எல்லா வகையிலும் லாபம்.

என் தம்பி மகனுக்கு நான்காவதாக ஒரு கட்சி உண்டு. திருத்தணி, ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை வழியாகக் கடப்பைக்குப் போய்விட்டால் குவ்வலசெருவு மலையே வராது, கடற்கரை வரை போகவும் வேண்டாம் என்கிறான். தப்பில்லை. பகல் வெளிச்சத்தில் போவதானால் ஒப்புக்கொள்வேன். ஆனால் மாமண்டூருக்கும் பாலபள்ளிக்கும் நடுவே சேஷாசலக் காடு. சாலை குறுகல், ஓரம் மண். செம்மரச் சோதனை நடக்கும் பகுதி என்பதால் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை இரவில் நிறுத்திப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அது அவர்கள் வேலை. நமக்கு நேரம் போகும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. 2021 நவம்பரில் ராஜம்பேட்டைக்கு மேலே அன்னமய்யா அணை உடைந்து செய்யேற்றில் வெள்ளம் ஊர்களை அடித்துக்கொண்டு போனதை அவன் மறந்தாலும் நான் மறக்கவில்லை. "பெரியப்பா, அது என்றைக்கோ நடந்தது" என்கிறான். ஆறு அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

ஐதராபாத்துக்கு அப்பால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையில் பெத்த அம்பர்பேட்டையில் ஏறி மேட்சலில் இறங்கினால் நாக்பூர்ச் சாலை. அடிலாபாத் வரும்போது கம்பளிக் குல்லாய் வேண்டும். தெலங்கானாவிலேயே குளிர் அதிகம் கடிக்கும் இடம் அது. மகாராஷ்டிர எல்லையில் மான்சருக்கும் கவாசாவுக்கும் இடையே பென்ச் காட்டில் புலியும் மானும் கீழே நடந்துபோக சாலையை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சானமாவு யானைகளுக்கு அந்த யோகம் எப்போது என்று தெரியவில்லை. லக்னாதோன் வரை 44ஆம் சாலை, பிறகு ஜபல்பூர், கட்னி, ரீவா. ரீவாவிலிருந்து சிதி போகும் வழியில் முன்பு மலை ஏறி இறங்க வேண்டும். 2022 டிசம்பரில் மோகனியா சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தத் தலைவலி தீர்ந்தது.

ஜபல்பூருக்கு வடக்கே நம் ஊர்ப் பனியைப் பனி என்றே சொல்ல முடியாது. மார்கழி இரவு பத்து மணிக்கே இறங்கி, மறுநாள் பத்து மணிக்குத்தான் விலகும். அங்கே நான் வைத்திருந்த விதி எளியது: மாலை வெளிச்சம் போவதற்குள் இடம் பிடித்து நிறுத்திவிடுவேன், காலையில் சாலையோரத்து மரம் தெரிந்த பிறகுதான் எடுப்பேன். எடுக்கும் முன் காற்றுத் தொட்டிகளில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். குளிரில் ஈரம் உள்ளே தண்ணீராக நிற்கும், பிரேக் வால்வுக்குப் போனால் வம்பு. டயரின் காற்றை ஓடிச் சூடான பிறகு அளப்பதில் பயனில்லை. குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பாரத்தைக் கட்டிய சங்கிலியும் பெல்ட்டும் இரவில் தளர்ந்திருக்கும். சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். வடக்கத்தி ஓட்டுநர்கள் சிலர் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கை ஒட்டிக்கொண்டே பனியில் ஓட்டுவார்கள். முன்னால் போகிறவன் பள்ளத்தில் இறங்கினால் இவரும் கூடவே இறங்குவார்.

இனி, நிற்கும் டேங்கர். காவேரிப்பாக்கம் பக்கம் விடியற்காலையில் ட்ரெய்லர்கள் நிற்பது உண்மை. பக்கத்திலேயே அவ்வளவு பெரிய ஏரி. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய தண்ணீர் மார்கழியில் சாலை மேல் பனியாக வந்து படுத்துக்கொள்ளும். அந்த வெள்ளையில் நெடுஞ்சாலை விளிம்பில் நிற்கும் ட்ரெய்லர் ஒரு சுவர். சிக்கபள்ளாப்பூரில் நடந்தது இங்கேயும் நடக்கலாம் என்று அன்பர் பயப்படுவது சரியே. ஆனால் ஏன் நிற்கிறார்கள்? தொழிற்சாலையில் பாரம் ஏற்றி, கட்டி, காகிதம் கைக்கு வரும்போது சாயங்காலமாகிவிடுகிறது. வாசலில் நிற்காதே என்பார்கள். ராணிப்பேட்டை முத்துக்கடையில் நிறுத்தினால் அபராதம். சிப்காட் சாலைகளில் ஏற்கெனவே இடமில்லை. ஆகவே கிளம்புகிறார்கள், பனி வந்ததும் எங்கே இருக்கிறார்களோ அங்கே ஓரம் கட்டுகிறார்கள். பனியில் ஓட்டுவதைவிட நிற்பது மேல் என்று நினைக்கிறார்கள். நிற்பதற்கென்று இடம் இருந்தால் அவர்கள் நினைப்பது சரி. இல்லாததால்தான் தவறாகிவிடுகிறது.

வட ஆற்காடு 1989ல் இரண்டாகப் பிரிந்தது. 2019ல் வேலூர் மாவட்டமும் மூன்றானது. ஆட்சியர் அலுவலகங்கள் கூடின. ஆனால் வாலாஜாபேட்டையிலிருந்து நாட்றம்பள்ளி வரை மூன்று மாவட்டங்களிலும் ஓடும் இந்தச் சாலையில், பாரம் ஏற்றிய ட்ரெய்லர் இரவு முழுக்கப் பத்திரமாக நிற்க, விளக்கும் கழிப்பறையும் உள்ள திடல் வேண்டும் என்று எந்த மாவட்டக் கூட்டத்தில் பேசினார்கள்? சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி என்று சுங்கச்சாவடி மூன்றிலும் பணம் வாங்குகிறார்கள். அவற்றின் பக்கத்திலேயே ஆளுக்கு ஒரு திடல் ஒதுக்கினால் சாலை விளிம்பில் யாரும் நிற்கமாட்டார்கள். மார்கழி, தை இரு மாதம் சுங்கச்சாவடி பலகையில் "அடுத்த 20 கிலோமீட்டரில் பனிமூட்டம், ஒதுங்கி நிற்க இடம் இங்கே" என்று எழுதட்டும். வடக்கே யமுனா விரைவுச்சாலையில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை கார்களின் வேக வரம்பை 100லிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள். கிருஷ்ணகிரி–வாலாஜாபேட்டைச் சாலையிலும் விடியற்காலையில் இதைச் செய்ய என்ன தடை? கார்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபத்தோடு வீடு போய்ச் சேரட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைச் சொன்னால் சரக்கு முன்பதிவு செய்யும் ஏஜெண்டுகளுக்குப் பிடிக்காது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. கைப்பேசி காட்டும் குறைந்த தூரத்துக்குத்தான் வாடகை பேசுகிறார்கள். சுற்றிப் போனால் அதற்கான டீசல் ஓட்டுநர் தலையில் விழுகிறது. தாமதமானால் பிடித்தமும் உண்டு. போன மார்கழியில் என் தம்பி மகன் சரக்கு கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டான்: "பெரியப்பா, சித்தூர் வழிக்குத்தான் பணம், வேண்டுமானால் நீ எப்படியும் போய்க்கொள் என்கிறார்கள்." ஏஜெண்டிடம் நானே பேசினேன். "ஐயா, மேப்பில் அதுதானே கிட்டம்?" என்றார். அந்த மேப்பில் குவ்வலசெருவு இறக்கம் எத்தனை டிகிரி என்று போட்டிருக்கிறதா என்று கேட்டதற்கு, வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார். அவன் கடற்கரை வழியாகத்தான் போனான். கூடுதல் டீசல் அவன் கையிலிருந்து போனது. எல்லா ஓட்டுநருக்கும் ஃபோனில் ஒரு பெரியப்பா இருக்கமாட்டார், கைப்பணமும் இருக்காது. அவர்கள் அந்த இறக்கத்தில்தான் இறங்குவார்கள். அன்பர் கேட்கும் உத்தரவு வந்துவிட்டால், ஏஜெண்ட் சொல்வது சட்டமாகிவிடும்.

ஆகவே ஆட்சியர்கள் உத்தரவு போடுவதானால் வேறு விதமாகப் போடட்டும். நீள ட்ரெய்லர்களுக்குக் கார்த்திகை முதல் தை வரை மலைப்பாதை இல்லாத வழியின் தூரத்துக்கே வாடகை பேச வேண்டும் என்று லாரி உரிமையாளர்களையும் சரக்கு கொடுப்போரையும் உட்காரவைத்துப் பேசட்டும். தொழிற்சாலைகள் பாரம் ஏற்றிய வண்டியை மாலையில் வெளியே தள்ளாமல் காலை எட்டு மணிக்கு மேல் வாயிலைத் திறந்துவிடட்டும். உள்ளே ஓர் இரவு நிற்க இடமில்லாத ஆலை சிப்காட்டில் அதிகம் இருக்காது. பழுதாகி நிற்கும் வண்டியைப் பார்த்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்கு அழைக்கலாம் என்பது நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தாங்கள் நாள்தோறும் ஒரு மூலையில் அந்த எண்ணைப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

கரும்பு டிராக்டர் விஷயத்துக்குத் திடலும் தேவையில்லை, பெரிய செலவும் தேவையில்லை. ஆலையில் அரவை தொடங்கும் முன் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் பக்கவாட்டிலும் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டி, ஒட்டாத வண்டிக்குக் கரும்பு வெட்டு உத்தரவு கொடுக்காமல் இருந்தாலே போதும். வேலூர், ராணிப்பேட்டை வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் அம்முண்டியில் இரண்டு நாள் நின்று செய்தால் முடிந்துவிடும். இந்த ஆண்டு அரவை தொடங்குவதற்குள் செய்வார்களா என்று தங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ட்ரெய்லர் ஓட்டுநர்,
வாலாஜாபேட்டை.